தம்பியைப் பற்றி அண்ணன் சொன்னது

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம், பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரியான ஒரு பி.யூ. காலேஜில் நான் ஆங்கில வாத்தியார். வருஷா வருஷம் ஒரு பழைய ஆங்கில நாடகத்தைப் பாடமாக நடத்துவேன். தம்பியிடம் நாட்டைப் பறிகொடுத்த அண்ணன், ஆளில்லாத தீவில் உட்கார்ந்து, அந்தத் தம்பி எப்பேர்ப்பட்டவன் என்று தன் மகளிடம் சொல்கிற கட்டம் அதில் உண்டு. அதை நடத்துவதில் என்னை அடிக்க ஆளில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் வந்து நிற்கும்.

ஏன் அவ்வளவு நன்றாக வருகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நீலசந்திராவில் இருக்கிற எங்கள் அப்பா வீட்டை என் தம்பி தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். அப்பாவே எழுதிக் கொடுத்தார் என்றான். நான் நம்பவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

இந்த வருஷம் அவன் மகள் எங்கள் காலேஜிலேயே வந்து சேர்ந்தாள். ஊரில் வேறு காலேஜே இல்லையா, என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று கறுவிக்கொண்டேன். மற்ற பிள்ளைகளைப் போல அவளும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். பெரியப்பா என்று கூப்பிடும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. வகுப்பில் யாருக்கும் எங்கள் உறவு தெரியாது.

போன மாதம் அந்தக் கட்டம் வந்தது. வழக்கமாகக் கை தூக்குகிற பிள்ளையைத்தான் வாசிக்கச் சொல்வேன். அன்றைக்கு அவளை எழுப்பினேன். வேண்டுமென்றேதான். அண்ணனின் வசவை எல்லாம் அவள் வாயாலேயே வாசிக்க வைத்து, வரிக்கு வரி நிறுத்தி விளக்கம் சொன்னேன். பாருங்கள், திட்டும்போதுகூட என் தம்பி, என் தம்பி என்றுதான் சொல்கிறான், பாசம் வைத்தவனுக்குத்தான் இப்படி வலிக்கும் என்றேன். நாடகத்தில் இல்லாததையும் சேர்த்தேன். கூடப் பிறந்தவன் வயிற்றில் அடித்தவன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவர்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்றேன். சீ, நானா அப்படிப் பேசினேன்? நான்தான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வாசித்து முடித்ததும் அவள் உட்காரவில்லை. ஒரு சந்தேகம் என்று இங்கிலீஷில் கேட்டாள். புத்தகமே கதி என்று கிடந்ததாக அண்ணனே சொல்கிறானே, அத்தனை வருஷமும் அந்த நாட்டைப் பார்த்துக்கொண்டது யார்? தம்பியைக் கேட்டால் அவன் அண்ணனைப் பற்றி என்ன சொல்வான்?

நான் எம்.ஃபில். படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த காலத்தில், அப்பாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அலைந்தது யார் என்று எனக்குத் தெரியாதா என்ன? கோபம்தான் வந்தது. பரீட்சைக்கு வராததை எல்லாம் கேட்காதே, உட்கார் என்று அதட்டினேன். வகுப்பு சிரித்தது.

மணி அடித்த பிறகு வராந்தாவில் என்னிடம் வந்தாள். அப்பனிடம் சொல்லப்போகிறாள், சொல்லட்டுமே என்று விறைப்பாக நின்றேன்.

"பெரியப்பா," என்றாள். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க பாடம் நடத்துறதக் கேக்கணும்னுதான் அப்பா என்ன இங்க சேத்தாரு. தெனமும் வீட்டுக்குப் போனதும், அண்ணன் இன்னிக்கு என்னா நடத்துச்சுன்னு கேப்பாரு. நீங்க பேசுன மாதிரியே நான் பேசிக் காட்டணும்."

கையிலிருந்த நாடகப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"இன்னிக்கு மட்டும் நீங்க லீவுன்னு சொல்லிடுறேன்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று படியிறங்கிப் போனாள்.