பக்கத்துக் கூடாரத்துக் குருவி

காட்டுயிர்ப் படம் எடுப்பவனின் வேலையில் பாதி, உட்கார்ந்திருப்பது. மறுபாதி, பக்கத்துக் கூடாரத்துக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று வயிறெரிவது. உங்கள் ஆபீசிலும் அப்படி ஒருவன் இருப்பான். அவன் ஒன்றும் செய்ய மாட்டான், எல்லாம் அவனுக்கு நடக்கும். என்னுடையவன் பெயர் சலீம், கோட்டைமேட்டுக்காரன், என்னைவிட இளையவன்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டில் ஆள்காட்டிக் குருவியின் ஒரு வருஷத்தை டிவிக்காக எடுத்தோம். கேமராக்காரர்கள் நாங்கள் இரண்டே பேர். அடுத்த தொடர் வால்பாறையில், இருவாச்சிப் பறவை. அதற்கு ஒருவர் போதும் என்று இயக்குநர் கவிதா முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஐப்பசி

மழை விட்டதும், ஒளிந்திருந்து படமெடுக்க, குட்டையோரம் அவன் கூடாரம், கிளுவை வேலியோரம் என்னுடையது. என் லென்ஸ் கண்ணாடியில் நீராவி படிந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது குருவி குட்டைக்குப் போய்க் குளித்தது. இறகை உதறியபோது தெறித்த ஒவ்வொரு துளியும் அவன் படத்தில் தனித்தனியாகத் தெரிந்தது. காட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டம்மா மோர்ச் சொம்போடு நேராக அவன் கூடாரத்துக்குத்தான் போனார். மிச்சத்தை எனக்கு ஊற்றும்போது விசாரித்தார்: "ஏனுங்க தம்பி, அந்தத் தம்பிகிட்டக் குருவி அதுவா வருது. உங்ககிட்ட எங்கூட்டு நாய்கூட வர மாட்டேங்குதுங்களே?"

மார்கழி

பனியில் எனக்கு மூக்கு ஒத்துழைக்காது. அன்று புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. குருவி ஒற்றைக் காலில் என் எதிரே நின்றது. இளவெயில் அதன் அலகைத் தொடப்போகிற நேரம், தும்மிவிட்டேன். குருவி கத்திக்கொண்டே பறந்தது. மத்தியானம் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது சலீம் உண்மையான நன்றியோடு சொன்னான்: "நல்லாத் தும்முனீங்கண்ணா, நேரா என்ற ஃபிரேமுக்குள்ள வந்து எறங்குச்சு."

சித்திரை

வெறும் தரையில் இரண்டு கூடுகள், ஆளுக்கு ஒன்று. அவனுடைய குருவி மாட்டுத் தொட்டித் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்வித்தது. என்னுடையது சும்மா உட்கார்ந்திருந்தது. முட்டை உடைவதை முழுசாக எடுப்பவர்தான் வால்பாறைக்கு என்று கவிதா சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் என் முட்டையில் கீறல் விழுந்திருந்தது. அசையாமல் காத்திருந்தேன். உச்சி வெயிலில் சலீமின் பக்கம் குருவி ஒரு மாதிரி கத்தியது. அவனுக்கு உடைந்துவிட்டதோ? நீளமான லென்ஸ் கையில் இருக்கும்போது எட்டிப் போய்ப் பார்ப்பானேன்! அவன் கூடாரத்துப் பக்கம் திருப்பினேன். துணி இடுக்கில் அவன் ஒற்றைக் கண் தெரிந்தது. புருவத்தில் வேர்வை. அந்தக் கண்ணை வைத்தே அவன் முட்டை உடைந்ததா என்று கணக்குப் போட்டுவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பழக்கதோஷத்தில் விரல் ரெக்கார்டையும் அழுத்திவிட்டது. திரும்பியபோது என் குஞ்சு, முதுகில் ஓட்டோடு, ஈரமாக வெளியே கிடந்தது. வாக்கிடாக்கி கிசுகிசுத்தது: "அண்ணா, உங்க லென்ஸ் எதுக்குங்ண்ணா இந்தப் பக்கம் பாக்குது?"

எடிட்டிங்

சலீமின் முட்டை மறுநாள் உடைந்தது. முதல் கீறலிலிருந்து குஞ்சு எழுந்து நிற்கும்வரை எல்லாம் அவன் கார்டில் இருந்தது. கோவையில் எடிட்டிங் அறையில் என் கார்டைப் போட்டபோது, திரை நிறைய அவன் கண். அழித்துவிடச் சொன்னேன். கவிதா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். வேர்வைத் துளி இமைக்கு இறங்கியும் அந்தக் கண் சிமிட்டவில்லை. படம் எடுத்த விதத்தைச் சொல்லும் கடைசிப் பகுதியில் அதை அப்படியே வைத்துவிட்டார். பிறகு சலீமைப் பார்த்து, வால்பாறைக்குப் பெட்டியைக் கட்டச் சொன்னார். என் பக்கம் திரும்பி, பாராட்டுகிற குரலில்தான் சொன்னார்: "வருஷம் பூரா நீங்க எடுத்ததுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதாங்க."

சலீம் இப்போது வால்பாறை மழையில் இருவாச்சிக்காகக் காத்திருக்கிறான். அவன் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று நான் சிங்காநல்லூர் வீட்டில் அவனைவிடப் பொறுமையாகக் காத்திருக்கிறேன்.