நாலாவது பெயர்

கோயிலில் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது, மூன்றாவது பெயரோடு என் வாய் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் மச்சான், என் அக்காள் புருஷன், திரும்பிப் பார்ப்பார்.

காலேஜில் சேர்ந்த வருஷம், மாசி மாத லீவில், ராமேஸ்வரத்தில் அவருடைய மீன்பிடி வள்ளத்தில் ஏறினேன். எனக்கு அப்போது திமிர் ஜாஸ்தி. நான்கு வள்ளங்கள் கரைக்குத் திரும்பும்போது, காலை வெயில் ஏற வேண்டிய நேரத்தில் பனி மூடியது. நீட்டிய கையே தெரியவில்லை. அப்படி மூடினால், கோயிலில் சொல்லும் அதே வரிசையில் வள்ளத்துக்கு ஒரு பெயராகக் கத்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். முதல் வள்ளம் "மாதாவே!" என்று கத்தும். அதைக் கேட்ட பிறகே இரண்டாவது, "சூசையப்பரே!" மூன்றாவது நாங்கள், "அந்தோணியாரே!" கடைசியில் என்னைப் பெற்ற அய்யாவின் வள்ளம், "சவேரியாரே!" நாலும் காதில் விழுந்தால்தான் முன்னே போகலாம். எந்தப் பெயர் வரவில்லையோ அந்த வள்ளத்தைத் தேடி எல்லோரும் திரும்ப வேண்டும்.

மச்சானுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஏலே காலேஜு, நீ கத்து. பீஸு கட்டிப் படிக்கிற வாயிதான?" என்று கிசுகிசுத்தார்.

"ஒரு விசில் வாங்கிப் போட்டா முடிஞ்சுச்சு மச்சான்" என்று இளித்தேன்.

இரண்டு சுற்று சரியாகப் போனது. மூன்றாவது சுற்றில் நான் கத்தினேன். பின்னால் சத்தமே இல்லை. பலகையில் தண்ணீர் அடிப்பது மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் அய்யா இல்லை என்பது நிஜமாகிவிடும் போலிருந்தது. தாங்க முடியாமல் நானே கத்திவிட்டேன்: "சவேரியாரே!"

உடனே முன்னாலிருந்து "மாதாவே!" வந்தது. முன்னைவிடத் தூரத்தில்.

மச்சான் என் வாயிலேயே அறைந்தார். "அடப்பாவி, அவுக குரல நீ குடுத்துட்டியே! இனி யாரு தேடுவா?"

"நில்லுங்க!" என்று அலறினேன். துடுப்புச் சத்தம் பனிக்குள் கரைந்துபோனது. மச்சான் வள்ளத்தைத் திருப்பினார். "உன் பேர மட்டும் சொல்லு. அப்புறம் பொத்திக்கிட்டு கேளு."

"அந்தோணியாரே!" என்பேன். ஒன்றும் வராது. நாலாவது பெயர் நாக்கு நுனிக்கு வரும், கடித்துக்கொள்வேன். எத்தனை தடவை கத்தினேனோ, இடப்பக்கம் உப்புத் தண்ணீரைத் துப்புவதுபோல ஒரு குரல்: "சவேரியாரே..."

கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி அய்யாவும் அவருடைய கூட்டாளியும் கிடந்தார்கள். இழுத்துப் போட்டதும் அய்யா பல் கிடுகிடுக்கச் சொன்னார்: "யாரோ எம் பேரச் சொன்னாகலே. எங்குரலு மாதிரியே இருந்துச்சு. குரலு அங்கன போகுது, ஒடம்பு மட்டும் இங்கன கெடக்குது, செத்துட்டோம்னு நெனச்சேன்."

இப்போது கோயிலில் அய்யா எங்களுக்கு முன்வரிசையில் நிற்கிறார். அத்தனை குரல்களுக்கு நடுவில் அவருடைய கரகரப்பு கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். போன ஞாயிறு அவருக்கு இருமல். அவர் வாயிலிருந்து நாலாவது பெயர் வரத் தாமதித்தது. அது வரும்வரை மச்சான் என் மணிக்கட்டை விடவே இல்லை.