ஏலக்கா வாசமும் என் கேஸ் சீட்டும்

நரம்பு டாக்டர் கிளினிக்கில் கேஸ் சீட்டு எழுதுறவளுக்கு ரெண்டே ரெண்டு கேள்விதான்: எது முதல்ல வந்துச்சு, எது பிறகு வந்துச்சு? அல்லிநகரத்தில் ஆறு வருசமா இதையே கேட்டுக் கேட்டு, காலையில் என்ன தின்னேன்னு எனக்கே ஞாபகம் வரமாட்டேங்குது. இதே வேலையில் மாட்டிக்கிட்டு முழிக்கிற சிஸ்டர்மாரே, உங்களுக்குத்தான் இந்த வேதனை புரியும்.

மோட்டாரும் தலைவலியும்

மயிலாடும்பாறையிலிருந்து ஒரு விவசாயி வந்தாக. தலைவலி எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டேன். "கெணத்து மோட்டார் பொகைஞ்சப்ப"ன்னாக. மோட்டார் எப்ப பொகைஞ்சது? "ரெண்டாந்தடவ தக்காளி நட்டப்ப." தக்காளி எப்ப நட்டீக? "தலைவலி வர்றதுக்கு முன்னாடி." நான் பேனாவைக் கீழே வச்சு நெத்தியைப் பிடிச்சேன். அவுக பாவமாப் பார்த்துட்டுக் கேட்டாக: "ஏந்தாயி, தலைவலி எனக்கா, ஒனக்கா?"

ஜீப்புக்கார அண்ணன்

கம்பத்திலிருந்து தினமும் மலைமேல ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏத்திட்டுப் போறவர் அந்த அண்ணன். அதே ஜீப்பில்தான் அவர் சம்சாரமும் வேலைக்குப் போகுது. "ஏலக்கா தீயுற வாசம் வரும் சிஸ்டர். கொஞ்ச நேரத்துல கண்ணு இருட்டும். அப்பறம் எங்கன இருக்கேன்னே தெரியாது. வண்டி ஓட்டலாமா கூடாதா?" இதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

டாக்டர் அன்னைக்கு ஊரில் இல்லை. இருந்தா என்ன, நானும் இந்த ஊர்க்காரிதானே! ஏலக்கா காயவைக்கிற ஸ்டோரில் சூடு கூடினா ரோடு வரைக்கும் வாசம் தூக்கும்னு எனக்குத் தெரியாதா? 'ஏலக்காய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை'ன்னு சீட்டில் எழுதினேன். ஸ்டோர் இல்லாத பாதையில் போங்கண்ணேன்னு புத்தி வேற சொன்னேன். இப்ப நெனச்சாலும் பகீர்ங்குது. அண்ணன் முகம் தெளிஞ்சுபோச்சு: "அப்ப வண்டி ஓட்டுறத விடவேண்டியதில்ல. அது போதும் சிஸ்டர்."

மீன் கழுவுன அன்னைக்கு

பத்து நாள் கழிச்சு அண்ணனும் சம்சாரமும் சேந்து வந்தாக. பாதையை மாத்தியும் மயக்கம் நிக்கலை. "நேத்து வீட்டுல மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். இவுக 'ஏலக்கா தீயுது'ன்னாக, அப்படியே வெறிச்சுப் பாத்தாக"ன்னு அந்தக்கா சொல்லுச்சு. வீட்டில் ஏலக்கா எங்கன இருந்துச்சுன்னு கேட்டேன். "நாள் பூரா அதையே பறிச்சுட்டு வாரவ, அந்தக் கருமத்த வீட்டுக்குள்ள விடுவனா?"

முடிச்சு

டாக்டர் அண்ணன் தலையில் வயரெல்லாம் ஒட்டி டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னார்: "முன்னால ஒண்ணு, சித்த நேரம் கழிச்சு இன்னொண்ணு நடந்தா, நடுவுல இருக்கிற இடைவெளியத் தாண்டி ரெண்டையும் முடிச்சுப் போட்டு வச்சுக்கும் மூளை. அதுக்குன்னே உள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. ஆனா முன்னால வந்ததெல்லாம் காரணம் ஆயிடாது. எங்கேயும் எதுவும் தீயல. வலிப்பு தொடங்குறதே அந்த வாசமாத்தான்." அப்ப நான் எழுதினது? சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயும் சேந்து ஒரு முடிச்சுப் போட்டிருக்க."

தான் சொல்றவரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர். அண்ணன் விடலை. "வாசம் வந்ததும் ஓரங்கட்டிருவேன் சார்!" கொண்டை ஊசி வளைவில் வந்தா எங்கன ஓரங்கட்டுவீகன்னு டாக்டர் கேட்டார். அந்தக்கா புருசனையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் ஜீப் சாவியை எடுத்து அந்தக்கா கையில் வச்சார். "வாசம் எனக்கு மட்டுந்தான வருது. பின்னாடி ஒக்காந்திருக்க ஒங்களுக்கு வராதுல்ல."

அதிலிருந்து எது முதல்ல எது பிறகுன்னு யார் சொன்னாலும் எழுதிக்கிறேன், ஆனா எதனாலன்னு எழுதப் போனா பேனா தன்னால நின்னுருது.