தலையணைக் கற்கள்

ஃபிஜி பார்லிமெண்டுக்குள் ஆட்களைப் பிடித்து அடைத்த கலகத்துக்கு அடுத்த வருஷம், புலிலேகாவில் எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்தது. நிலம் பக்கத்து ஊர்ப் பூர்வகுடி ஃபிஜிக்காரர்களுடையது. அவர்களில் மூத்தவனும் நானும் ஒரே வயசு. அவனைத்தான் கேட்க வேண்டும்.

"கேட்டு நிக்க வேணாங்க. மக ஆக்லாந்துக்குக் கூப்பிடுறா, போயிரலாம்" என்றாள் என் பெண்டாட்டி. எனக்கு மனசு வரவில்லை.

அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்று வாங்கினேன். அதை முன்னால் வைத்துக் கேட்பது அவர்கள் வழக்கம். எடுத்துக்கொண்டால் சம்மதம். ஊருக்குள் பாயில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் வைக்க வேண்டியது. அத்தனை பேர் எதிரில் இல்லை என்றுவிட்டால்? அதனால் தனியாக அவனிடம் போனேன்.

அவன் வெள்ளைக்காரர்களை ஓடையோரப் பாதையில் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டுகிறவன். கலகத்தால் யாரும் வருவதில்லை. சும்மா இருந்தவன் என்னைக் கூட்டிப்போனான். சின்னப் பாதைதான். எனக்கு மூச்சு வாங்கியது. மாட்டுக்குப் பின்னால் நடந்த காலுக்கு மலை ஆகாதோ என்று இந்தியில் கேலி செய்தான்.

ஓடைக்கரையில் உருண்டை உருண்டையாகக் கருங்கல், தலையணைகளை அடுக்கினதுபோல. கடலுக்கடியில் நெருப்பாக வந்து, தண்ணீர் பட்டு அப்படி உறைந்ததாம். இந்த மலையே கடலுக்குள் கிடந்ததாம். என் வயலில் கலப்பையை உடைத்ததும் அதே கல்தான்.

அங்கேயே உட்கார்ந்து வேர்க்கட்டை அவன் முன்னால் வைத்தேன். நிலத்தைக் கேட்டேன்.

அவன் கை நீட்டவில்லை. அவர்கள் ஊர்ப் பையன்களே கரும்பு போடப் போகிறார்களாம்.

"ஊருல வச்சிருக்கணும் பய்யா" என்றான் அதே இந்தியில்.

"வச்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"இல்ல. ஆனா எல்லாருமாச் சேர்ந்து இல்லைன்னு சொல்லியிருப்போம். இப்ப நான் ஒருத்தனாச் சொல்ல வேண்டியிருக்கு."

நிற்கிற கரும்பையாவது வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கு வேரை எடுத்துக்கொண்டான்.

இறங்கும்போது இன்னும் ஏதோ கல்லைக் காட்டினான். என் காதில் ஏறவில்லை. முழங்கால் வலித்தது.

வீட்டில் அவள் அடுப்படியில் இருந்தாள். மகளுக்குப் போன் போடச் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.