அந்தோனியார் கூட்டில் நாலு விரல்

எந்த மடையனோ விடுதிக் கதவுக்குத் தீந்தை அடிக்கிறான். நாளைக்குச் சோதனை, படிக்க வேண்டும், ஆனால் இந்தப் பெயின்றின் ஆளிவிதை எண்ணெய் மணம் என்னைக் குருநகர்க் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டிலுக்கு இழுத்துப் போகிறது. இன்று அந்த இடத்தில் வெறும் சீமெந்துத் தரைதான்.

திருநாளில் அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கிச் செல்லும் மரக்கூட்டுக்கு அப்பா அங்கேதான் வெள்ளைத் தீந்தை அடித்தார். "உது கூடோ, கருவாட்டுப் பெட்டியோ?" என்று போன வருடம் பக்கத்துக் கோயிலார் சிரித்துவிட்டார்கள். இம்முறை கண்ணாடி போல வரவேண்டுமென்று வெறும் மரத்தைத் தேய்த்து, வெடிப்புகளில் மக்கு அடைத்து, முதல் பூச்சுக் காய்ந்ததும் மறுபடி தேய்த்து, அந்தச் சர் சர் சத்தத்திலேயே எங்கள் பகல்கள் கழிந்தன. ஆனால் கூட்டைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்யாமல் கடந்துபோக எங்கள் சனத்துக்குத் தெரியாது. ஈரப் பூச்சில் தினமும் விரல் அடையாளம். தினமும் அப்பா தேய்த்தார், கூட நானும். நினைத்தாலே எனக்குக் கை உளைகிறது.

"தொடாதேங்கோ எண்டால் கேக்கிறியளே? அந்தோனியார் ஓடிப்போறாரோ?" என்று அப்பா கத்தினார்.

"கோவியாதை தம்பி, கை தன்ரை பாட்டிலை போயிட்டுது," என்றார் மீன்கார மாமி, வெள்ளை உதட்டோடு.

திருநாளுக்கு முதல்நாள் கடைசிப் பூச்சும் முடிந்தது. அப்பா இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். கூடு மினுங்கியது. அவருடைய கை தானாகப் போய்க் கூட்டைத் தொட்டு, வாய்க்கு வந்தது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா சிரித்தார். "இஞ்சாருங்கோ, மீசை நரைச்சுப்போச்சு."

"இனி ஏலாதப்பா. கிடக்கட்டும்," என்று அப்பா மண்ணில் இருந்துவிட்டார்.

மறுநாள் அந்த நாலு விரல் அடையாளங்களும் காய்ந்து, தெருவெல்லாம் ஊர்வலம் போயின. பார்க்க வந்த பக்கத்துக் கோயிலார் அந்த இடத்தைத்தான் தொட்டுத் தொட்டு முத்தி செய்தார்கள்.