சிவப்புக் குடையும் ஒரு செத்த சொல்லும்

என் அறைச் சுவரில் ஒரு சிவப்புக் காகிதக் குடை தொங்குகிறது. பர்மாவில் பத்தெயின் ஊரில் செய்தது. மூங்கில் கம்பிகள் கறுத்துவிட்டன, எண்ணெய் பூசிய காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. வருகிறவர்கள் அழகுக்கு மாட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஓட்டுப் போட்ட குடை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கிறது.

குடை என் மதினியுடையது, அதாவது என் கணவருடைய அக்காவுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் கல்யாணமாகி ரங்கூனுக்கு வந்தபோது, நாத்தனாரிடம் பார்த்து நடந்துகொள் என்று ஊரில் ஆளுக்கு ஆள் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நாத்தனார் துறைமுகத்திலேயே என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ஏட்டி, இதுக்கு ட்ரங்குன்னு ஏன் பேரு வந்துச்சு தெரியுமா? முன்னால மரத்தக் குடைஞ்சு பெட்டி செஞ்சாங்களாம்!" என்றார். அவ்வளவுதான், பயம் போய்விட்டது. மதினி ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் துருவுவதுதான் அவருக்குப் பைத்தியம். மிஷன் பள்ளிக்கூடம் ஏற்றிவிட்ட பைத்தியம், கடைசி வரை இறங்கவில்லை.

அந்தப் பைத்தியத்துக்கு மருந்து தமிழ் குமாஸ்தாக்களின் வாசகசாலையில், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் பிறந்த கதையைச் சொல்லும் மிகப் பெரிய அகராதி, வரிசை வரிசையாகத் தொகுதிகள். அலமாரிச் சாவி உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. என் கணவர் உறுப்பினர். மதினி கேட்கும் சொற்களைப் பார்த்து எழுதிவருவார், ஆனால் பசி நேரத்தில் எழுதுவது போலப் பாதியில் நிறுத்திவிடுவார். "இவன நம்புனா நான் அரைக் கிணறுதான் தாண்டணும்" என்று மதினி சலித்துக்கொள்வார். தானே அந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். அவர் வேறெதற்கும் இப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை.

வாசகசாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினராக விரும்புகிறவர் பிஸ்கட் டின்னில் கைவிட்டு ஒரு சொல்லை எடுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பை எல்லார் முன்னும் பேச வேண்டும். பிடித்தவர்கள் குடையை உயர்த்துவார்கள். மழை ஊர், எல்லார் கையிலும் குடை இருக்கும். ஒருநாள் மதினி நேரே போய், பெண்கள் கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்று கேட்டார். காரியதரிசி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒரு விதி யாருக்கும் தோன்றியதே இல்லை போலிருக்கிறது. வேண்டாவெறுப்பாக டின்னை நீட்டினார். சீட்டில் வந்த சொல் 'யெலீச்'. ஒன்று போல் இருப்பதற்கு, அதாவது சாயலுக்கு, ஆங்கிலத்தில் எப்போதோ வழங்கி மறைந்த சொல். "செத்துப் பல நூறு வருஷம் ஆன சொல்லும்மா, பாவம்" என்றார் காரியதரிசி. அவர் முகத்தில் பாவம் எதையும் காணோம்.

என் கணவர் அக்காவுக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று காரியதரிசிக்குச் சந்தேகம். மறுநாளே, செல்லரித்துவிட்டது என்று காரணம் சொல்லி, அகராதித் தொகுதிகள் அத்தனையையும் கைவண்டியில் ஏற்றி, போட்டாதாங் பேட்டையில் ஒரு பைண்டரிடம் அனுப்பிவிட்டார். அந்த பைண்டரின் பட்டறை எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம்! எங்கள் வீட்டுப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத காரியதரிசிக்கு, பாவம், எப்படித் தெரியும்? அதோடு விட்டதா? வழியில் மழை பிடித்துக்கொண்டது. பைண்டர் ஊஜீயை (பர்மியப் பெரியவர், எங்களுக்கு மாமா மாதிரி) அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்து, "அம்மே! கீழ எல்லாம் தண்ணி. புஸ்தகம் அழுவுது. மேல காயப் போட இடம் குடு" என்று கையைப் பிசைந்தார்.

நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, எங்களுக்கு அது கைவண்டியில் வந்தது. ஊஜீ தையலைப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க, கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய துணிக்கொடிகளில் அகராதியைத் தொங்கவிட்டோம். கட்டிலில், சமையல்மேடையில், என் கணவரின் நாற்காலியில் எல்லாம் தாள்தான். நான் கரியடுப்பை மூட்டி விசிறினேன். மதினி திடீரென்று தயங்கினார். "மெம்பர் ஆகாம இதப் படிக்கலாமா ஏட்டி?" என்றார். ஊஜீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாரு பாரு. கண்ணு பட்டா தாளு திரும்ப நனையாது" என்றார். மதினி பாயில் குப்புறப் படுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றைக் கண்டுபிடித்ததும் ஒரு கூச்சல். மீன்குழம்பு அடிப்பிடித்தது, யாரும் கவலைப்படவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வாரம் அதிகம் வாய்க்கவில்லை.

சனிக்கிழமை வாசகசாலை நிரம்பி வழிந்தது. பைண்டு செய்த தொகுதிகளைக் கொண்டுவந்த ஊஜீயும் கதவோரம் நின்றுகொண்டார். மதினி சிவப்புக் குடையை ஊன்றிக்கொண்டு பேசினார். "லீச்சுன்னா உடம்பு. முன்னால வர்ற ய, கூட, சேர்ந்துங்கிற அர்த்தம். யெலீச்சுன்னா ஒரே உடம்பு வாய்ச்சது. நாம உரிச்சு வச்ச மாதிரின்னு சொல்லுதோமே, அவங்களும் உடம்ப வச்சுத்தான் சொல்லியிருக்காங்க. நாள்பட நாள்பட முன்னால இருந்த ய தேய்ஞ்சு போச்சு. மிச்சம் இருக்கதுதான் நீங்க வாய்க்கு வாய் சொல்லுத லைக். டெய்லிக்குக் கடைசியில வருதே லி, அதுவும் இதே உடம்புதான். கல்லறைத் தோட்டத்துல, கூரை போட்ட வாசல்ல சவப்பெட்டிய இறக்கி வச்சு பாதிரி ஐயருக்காகக் காத்திருப்போமே, அந்த லிச்கேட்டுலயும் இதே லீச்சுதான் இருக்கு. காரியதரிசி ஐயா இது செத்த சொல்லுன்னாரு. செத்த சொல்ல அவரே டெய்லி சொல்லிக்கிட்டுத்தான இருக்காரு!"

மேசைகள் அதிர்ந்தன. காரியதரிசி எழுந்து, இவ்வளவு விவரம் வேறெங்கே கிடைக்கும், உறுப்பினர் அல்லாதவர் அகராதியைப் பார்த்திருக்கிறார், பேச்சு செல்லாது என்றார். மதினி மறைக்கவில்லை. "ஆமா, பாத்தேன். அலமாரியத் தொறக்கக் கூடாதுன்னுதான் விதி. நான் தொறக்கல. நீங்க மழையில அனுப்பி வச்சீங்க, நாங்க காயப் போட்டோம். காயாம இருந்தா இன்னைக்கு உங்களுக்கு அகராதியே இல்ல" என்றார். மழையில் நனைந்த கதை அதுவரை ஒருவருக்கும் தெரியாது. எல்லாத் தலையும் காரியதரிசி பக்கம் திரும்பியது. முதலில் உயர்ந்தது கதவோரம் நின்ற ஊஜீயின் குடை. அவர் உறுப்பினரே இல்லை. சிரிப்பு வெடித்தது. சிரித்த வேகத்தில் ஒன்று, இன்னொன்று, பிறகு கறுப்புக் குடைகளாக அறை முழுக்க எழும்பின. கடைசியில் காரியதரிசியின் குடையும், பாதி உயரத்துக்கு. மதினி சாவியை வாங்கிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமேயில்லாமல்.

மறுவாரம் டின்னில் கைவிட என்னைத்தான் தள்ளிக்கொண்டு போனார். அதற்கடுத்த சனிக்கிழமை நான் பேசியது ஒரே உளறல். முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்தேன். கறுப்புக் குடை ஒன்றுகூட எழவில்லை. முன்வரிசையில் தன்னந்தனியாக ஒரு சிவப்புக் குடை விரிந்து நின்றது, எனக்காக.

யுத்தத்தில் வாசகசாலை போயிற்று, அகராதி போயிற்று. பிறகு மதினியும் போனார். கூரை போட்ட அந்த வாசலில்தான் இறக்கி வைத்துக் காத்திருந்தோம். அவருக்கும் எனக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. போன வாரம் என் மகள் தன் பெண்ணைச் சர்ச்சில் பாட அழைத்துப் போனாள். அது பாட்டைப் பாதியில் மறந்து திருதிருவென்று விழித்தது. ஒருவரும் கைதட்டவில்லை. நான் மட்டும் எழுந்து தட்டினேன். "அம்மா, நீ அப்படியே அத்தைதான், அச்சு அசல்" என்றாள் மகள்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து குடையை எடுத்தேன். கூடத்தின் நடுவில் நின்று, கிழிசலோடு விரித்து, கை எட்டும் மட்டும் உயர்த்திப் பிடித்தேன்.