மூன்று செடி, பேச்சியம்மா பொறுப்பு

பேச்சியம்மாளைத் தேடி மாட்டுப்பட்டிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் காலில் இருப்பதைக் கழற்றிவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நாற்பத்திரண்டு மாடுகளின் சாணமும் மூத்திரமும் கலந்து கணுக்கால் ஆழத்துக்குக் குழம்பாகக் கிடக்கும் முற்றத்தைத் தாண்டித்தான் அவளிடம் போக முடியும். குருவிமலைத் தோட்டத்துக் கோப்பிச் செடிகளுக்கு அந்தக் குழம்புதான் சோறு. அதை ஒரு குறையாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. "தொரை பங்களா வாசல்ல ரோசாப்பூ, என் வாசல்ல இது. இது இல்லேன்னா அது ஏது?" என்பாள்.

தெல்தோட்டைக்கு மேலே, கண்டியிலிருந்து மாட்டு வண்டிக்கு ஒரு பகல் தூரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம். பேச்சியம்மா பத்தொன்பது வயதில் புருஷனோடு மன்னாரில் வந்து இறங்கி, காட்டுப்பாதையில் நடந்து, மாத்தளை வழியாக வந்து சேர்ந்தவள். மூன்றாம் வருஷம் காய்ச்சலில் புருஷன் போய்ச் சேர்ந்தான். பழம் பறித்து முடிந்ததும் சனங்களெல்லாம் தங்களைக் கூட்டி வந்த கங்காணியோடு ஊருக்குக் கிளம்பினார்கள். அவளும் மூட்டை கட்டியாயிற்று. ஆனால் பட்டியில் ஒரு பசு கன்று போடுகிற நிலையில் நின்றது, பார்க்க ஆள் இல்லை. "இது போடட்டும், அப்புறம் போறேன்" என்று மூட்டையை இறக்கி வைத்தாள். அது போட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று. பதினோரு வருஷமாகிவிட்டது, மூட்டை திரும்ப ஏறவில்லை. மாட்டுப்பட்டி ஆண்களின் வேலை என்று சொன்ன துரை ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த துரை, ஒரு பெண் அதைப் பார்ப்பது எப்போதும் உள்ள வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பதினோரு வருஷத்தில் கழிச்சல் கண்டு ஒரு மாடுகூடச் சாகவில்லை. சுற்று வட்டாரத் தோட்டங்களில் மழைக்காலம் வந்தால் நாலும் ஐந்தும் போகும். பேச்சியம்மாளின் கைவைத்தியத்தில் பாதி அவள் கண் பார்வை. மாடு அசைபோடுவதை நிறுத்திய நேரத்திலேயே பிடித்துவிடுவாள். மீதிப் பாதி, பட்டிக்குப் பின்னால் சாணத் தண்ணீர் வடியும் பள்ளத்தில் ஆள் உயரத்துக்கு மேலே நின்ற மூன்று கஞ்சாச் செடிகள். இலையைச் சீரகத்தோடு அரைத்து மூங்கில் கொட்டத்தில் ஊற்றிப் புகட்டுவாள்.

மாட்டுக்குப் போக, பழம் பறிக்கிற முதல் நாள் முனியாண்டிக்கு வைக்கும் சுருட்டுக்குள் ஒரு சிட்டிகை போகும். இடுப்பு விட்டுப்போய்த் தூக்கம் வராமல் கிடக்கிற ஆளுக்கும் கொஞ்சம் கொடுப்பாள், ஆனால் மூன்று கேள்வி கேட்காமல் இல்லை. யாருக்கு? எதுக்கு? காலையில பெரட்டுக்கு வருவியா? பெரட்டு என்பது விடியும்போது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். மூன்றில் ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும், வந்தவன் சாணிக் காலோடு வெறுங்கையாகத் திரும்ப வேண்டியதுதான். அவள் ஒருநாளும் அதைப் புகைத்ததில்லை. அவளுக்கு வெற்றிலை போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வருகிறது என்று முதலில் சொன்னவர் ஹாஷிம். கண்டியிலிருந்து பொதிமாடுகளில் அரிசி ஏற்றி வருகிறவர். அவருடைய மாடுகள் இரண்டு அவள் கையால் பிழைத்தவை.

"பேச்சியம்மா, டவுனுல இப்ப இந்தப் பேச்சுத்தான். கஞ்சாவ அடியோட நிப்பாட்டணும்னு ஒரு கூட்டம். சீட்டுக் குடுத்து, கட்டுப்பாட்டோட உடணும்னு இன்னொரு கூட்டம். தோட்டந் தோட்டமாத் தொரைமாருட்ட கேட்டு எழுதச் சொல்லி இரிக்காங்க."

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."

"ஒன்ட்ட எவன் கேப்பான்?"

"மாட்டுக்கிட்டயாச்சும் கேட்டாங்களா?"

ஹாஷிம் சிரித்தார். ஆனால் அவர் சிரித்து முடிப்பதற்குள் சொன்ன அடுத்த விஷயம் சிரிப்புக்குரியதல்ல. நிறுத்த வேண்டும் என்கிற கூட்டத்தில் முன்னால் நிற்பவர் தோட்டத்துக்குக் கீழே வளைவில் இருக்கும் சாராயத் தவறணையின் ஏசண்டு ராஜலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டி, இங்கிலீசு தெரிந்தவர். கஞ்சாவை நிறுத்தச் சொல்லி மனு எழுதி, தவறணைக்கு வருகிறவர்களிடம் கைநாட்டு வாங்கியவரும் அவர்தான். கூலி ஆட்களைக் கஞ்சா சோம்பேறியாக்குகிறது என்று துரையிடம் வாரம் தவறாமல் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். துரை சின்ன வயசு. சொல்கிறவர் சுத்தமாக உடுத்தியிருந்தால் நம்புகிற சுபாவம். எந்த வீட்டில் செடி இருக்கிறது என்று நீரே பார்த்து வாரும் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

ராஜலிங்கம் காய்ந்த கஞ்சாவைப் பொட்டலத்தில் பார்த்திருந்தாரே தவிர, செடியைப் பார்த்ததில்லை. ஐந்து விரலாக விரிந்த இலை, ஓரத்தில் வாள்பல் என்று யாரோ சொன்ன அடையாளம் மட்டும் மனதில் இருந்தது. பெண்களெல்லாம் மலையில் பழம் பறிக்கப் போயிருந்த ஒரு முற்பகலில், இரண்டு ஆட்களோடு, கூலி ஆட்கள் குடியிருக்கும் லயங்களின் பின்பக்கம் நுழைந்தார். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஐந்து விரல் இலை. ஓரத்தில் வாள்பல். அவருக்கே திகைப்பாக இருந்தது. ஒன்று விடாமல் பிடுங்கச் சொன்னார்.

கடைசியாக மாட்டுப்பட்டி வாசலுக்கு வந்தார். குழம்பைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார். "இஞ்ச மாடுகள்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே கன்றுக்குட்டி ஒன்றின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பேச்சியம்மா, பலகை இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பங்களா முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். விறாந்தையில் கதிரை போட்டு, சனங்கள் சின்னத்துரை என்று கூப்பிடும் தோட்டத்துத் துரையும், பக்கத்துத் தோட்டத்துத் தாடிக்காரப் பெரிய துரையும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வாடிப்போன செடிக் கட்டு. பக்கத்தில் கண்டிக்கு அனுப்ப வேண்டிய கடுதாசியும் மைக்கூடும். கீழ்ப்படியில் ராஜலிங்கம்.

"இது என்னா?" என்றார் சின்னத்துரை தன் தமிழில். "எல்லா வீடும் கஞ்சா! எல்லா ஆளும் கள்ளன்!"

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்றாள். அது அப்படியே பரவியது.

"அடப்பாவி, கீரையைக் காணோம் காணோம்னு ரெண்டு நாளா நான் ஆட்டுக்காரியோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினாள் வீரம்மா. பக்கத்து லயத்துக்காரி. ஊரிலிருந்து வரும்போது முந்தியில் விதை முடிந்து கொண்டுவந்து, தோட்டம் முழுவதற்கும் கொடுத்தவள் அவள்தான்.

"சிரிக்கிறியளோ?" என்றார் ராஜலிங்கம். "துரை, இலையைப் பாருங்கோ. அஞ்சு விரல். நான் சும்மா சொல்லேல்லை."

பேச்சியம்மா முன்னால் வந்தாள். செடிக் கட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். இன்னொன்றைக் கிள்ளி நீட்டினாள்.

"தின்னு பாருங்க தொரை. கிறுக்குப் புடிச்சா என்னைத் தோட்டத்தை விட்டுத் தொரத்துங்க. புளிச்சா ஐயாவைக் கீரை நடச் சொல்லுங்க."

சின்னத்துரை கையை நீட்டவில்லை. தாடிக்காரர்தான் வாங்கி மென்றார். அவருடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "புளி!" என்றார். முற்றமே சிரித்தது. புளிச்சைக் கீரையைக் கஞ்சா என்று நாற்பது வீட்டுக் கொல்லையில் பிடுங்கிய மனிதர், செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். தாடிக்காரர் பேனாவை மையில் தோய்த்தார். "நல்லது. இந்தத் தோட்டத்தில் கஞ்சா இல்லை. நிப்பாட்டினால் யாருக்கும் நட்டம் இல்லை. அப்படி எழுதறது."

"ஒரு எலை கூடக் கெடையாது தொரை" என்று கை கட்டினார் இராமையா கங்காணி. "மாரியாத்தா சத்தியமா."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பேச்சியம்மாளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், செடிக்கும் அவளுக்கும் ஒன்றும் ஆகாது. திறந்தால் செடியும் போகலாம், பட்டியும் போகலாம். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்த மூன்று செடியும் திருட்டுச் செடி, அவளும் திருடி. பதினோரு வருஷம் மாடுகளைக் காப்பாற்றியது எதை வைத்து என்று யாராவது கேட்டால், இல்லாத செடியை வைத்து என்றா சொல்வது? ஒருவர் வேட்டி அழுக்காகும் என்று பயந்ததால் மட்டும் பிழைத்துக் கிடக்கிற பிழைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இருக்கு தொரை. மூணு செடி. எங்கிட்ட."

"ஏய் பேச்சி!" என்றார் கங்காணி.

"எங்கே?" என்றார் சின்னத்துரை.

"மாட்டுப்பட்டிக்குப் பின்னால. ஐயா வந்தாரு, ஆனா உள்ள வரலை."

தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ குடிக்கிறதா?"

"இல்ல. மாட்டுக்குக் கழிச்சல் கண்டா குடுக்குறேன். சாமிக்கு ஒரு சிட்டிகை. ஒடம்பு வலிச்சுத் தூங்க முடியாதவங்க வந்தா, கேள்வி கேட்டுத்தான் குடுக்குறேன்."

"பாத்தியளோ துரை!" ராஜலிங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது. "இவ என்ன டொக்டரோ கேள்வி கேக்க?"

"நான் டாக்டர் இல்ல ஐயா. நீங்களும் இல்ல. ஒங்க தவறணைக்கு வர்றவன் மொகத்தை என்னைக்காவது பாத்து, போதும் போடான்னு அனுப்பியிருக்கீங்களா? திங்கக்கெழமை பெரட்டுல யாரு யாரு வரலைன்னு, பேர் பதியுற செக்ரோலைப் பொரட்டச் சொல்லுங்க. அவங்க எங்கிட்ட வந்தவங்களா, ஒங்ககிட்ட வந்தவங்களான்னு கங்காணியே சொல்லட்டும்."

கங்காணி தவறணைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அதுவே போதுமாக இருந்தது.

"எல்லாம் பிடுங்கணும்" என்றார் சின்னத்துரை.

"புடுங்கச் சொன்னா நானே புடுங்குறேன் தொரை, நான் நட்டதுதானே. ஆனா இப்ப வேணும்கிறவன் எங்கிட்ட வர்றான், பத்துல ஏழு பேரத் திருப்பி அனுப்புறேன். நாளைக்கு அவன் காட்டுக்குள்ள போய் வாங்குவான். அங்க யாரு இருக்கா, திருப்பி அனுப்ப?"

துரைமார் இருவரும் இங்கிலீசில் வெகுநேரம் வாதாடினார்கள். சின்னத்துரையின் கழுத்து சிவந்தது. தாடிக்காரர் இரண்டு தரம் புளிச்சை இலையைக் காட்டிச் சிரித்தார். முடிவில் கடுதாசியில் இரண்டு விதமான அபிப்பிராயம் எழுதப்பட்டு, இரண்டு பேரும் தனித்தனியே கையெழுத்துப் போட்டார்கள். கண்டியில் அதை யார் படித்தார்கள், என்ன செய்தார்கள் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் யாரும் வந்து சொல்லவில்லை.

செடிக்கு மட்டும் அன்றே தீர்ப்பு வந்தது. மூன்று நிற்கலாம், நாலாவது கூடாது. பக்கத்தில் அவள் பேர் எழுதிய பலகை இருக்க வேண்டும். ஒரே ஒருவன் மயங்கிய கண்ணோடு பெரட்டில் நின்றாலும் செடி போகும், அவளும் போக வேண்டும்.

இறங்கி வரும்போது கங்காணி பொரிந்து தள்ளினார். "ஒனக்கு எதுக்குடி இந்த வேலை? நான்தான் இல்லேன்னு சத்தியம் பண்ணினேன்ல?"

"ஒங்க சத்தியத்துக்குப் பின்னால நான் எத்தனை நாள் குனிஞ்சு நிக்கிறது கங்காணியாரே?"

கணக்கப்பிள்ளை பலகையில் தார் தொட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவளே குழி தோண்டி நட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த முறை ஹாஷிம் வந்தபோது, அரிசி மூட்டையைக்கூட இறக்கவிடாமல் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"மூன்று செடி. பேச்சியம்மா பொறுப்பு" என்று வாசித்தார் ஹாஷிம்.

"என் பேரு எது?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். இன்னும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். துரையின் செக்ரோலில் பதினோரு வருஷமாக அவளுடைய பேர் இருந்தது, ஆனால் அது பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. இது வெயிலில் நின்றது. அதன்மேல் வெற்றிலை எச்சில் தெறிக்காமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

பலகை வந்த பிறகு அவளுடைய கெடுபிடி கூடிவிட்டது. பல்வலியோடு வந்த இராமையா கங்காணியையே நிறுத்தி வைத்து மூன்று கேள்வியும் கேட்டாள்.

"காலையில பெரட்டுக்கு வருவீங்களா?"

"பெரட்டு எடுக்கிறதே நான்தான்டி!"

"அதான் கேக்குறேன்."

அந்த வருஷத்து அடைமழையில், ஒரு நாள் மத்தியானம் ராஜலிங்கம் மாட்டுப்பட்டி வாசலில் வந்து நின்றார். குடை இருந்தது, முகம் செத்துக் கிடந்தது. தவறணைக்குப் பீப்பாய் ஏற்றி வந்த வண்டியில் ஒரு மாடு வளைவில் படுத்துவிட்டது. காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது.

"பேச்சியம்மா, அந்த இலையில கொஞ்சம் தாங்கோவன். இதில நிக்கிறன்."

"செடி இங்கதான் ஐயா இருக்கு. உள்ள வாங்க."

அவர் குழம்பைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடுவழியில் ஒரு கால் வழுக்கியது. அவள் சிரிக்கவில்லை, கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டார்.

பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். "யாருக்கு?"

"மாட்டுக்கு."

"எதுக்கு?"

"கழிச்சல் எண்டு சொன்னனான்தானே!"

"நாளைக்கு வேலைக்குப் போகுமா?"

ராஜலிங்கம் அவளைப் பார்த்தார். "எழும்பினா, நாலு நாளைக்கு வண்டியில பூட்டமாட்டன். சத்தியமா."

"சத்தியம் வேணாம். பூட்டாம இருந்தாப் போதும்."

இலையைப் பறித்து அரைத்தாள். கொட்டத்தை எடுத்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் மழையில் நடந்தாள். வெறும் இலையைக் கொடுத்தனுப்பினால் புகட்டத் தெரியாத ஆள் மாட்டைத் திணறடித்துக் கொன்றுவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

வழியில் அவர் மெதுவாகக் கேட்டார். "உனக்கு என்னில கோவம் இல்லையோ?"

"இருக்கு" என்றாள் பேச்சியம்மா, திரும்பிப் பார்க்காமல். "ஆனா மனுவுல மாடு கைநாட்டு வைக்கலையே."